புகையை மன்னிக்காத நீலத்தீ அண்ணன்

நெருப்பைக் கண்டு பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பீடி பற்ற வைக்க அதைத் தேடி முக்கு முக்காக அலைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எரிகிற நெருப்பின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "இது என்ன தீடே? இதெல்லாம் ஒரு தீயா?" என்று குறை சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் நீலத்தீ அண்ணன்.

மாவட்டத்தின் மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், எனக்கு இன்னமும் சம்பளம் அங்கேதான் வருகிறது. நான் ஆபீசில் குமாஸ்தா. அவர் வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பிரின்சிபாலே ஒரு முறை சுற்றறிக்கையில் 'திரு. நீலத்தீ' என்று எழுதிவிட்டார். நான்தான் திருத்தி அனுப்பினேன்.

பெயர் வந்த கதை சின்னது. ஆய்வகத்தில் பன்சன் பர்னர் என்று ஒரு குட்டி அடுப்பு உண்டு. அதன் கழுத்தில் ஒரு வளையம். அதைத் திருப்பினால் காற்று உள்ளே போகும்; மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்த தீ சட்டென்று நீலமாகி விறைப்பாக நிற்கும். மாணவர்கள் பற்ற வைத்த கையோடு அரட்டையில் இறங்கிவிடுவார்கள். அண்ணன் மேசை மேசையாக வந்து வளையத்தைத் திருப்புவார். "நீலம் வந்தாச்சு. இனி சோலியப் பாரு" என்பார். முப்பது வருஷம் இதையே சொன்னால் பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்?

அவருக்கு ஒரு வேதம் இருந்தது. யார் மாட்டினாலும் ஓதுவார்.

"மக்கா, எரியதுக்கு மூணு காரியம் வேணும். எரியுத சாமான், சூடு, காத்து. மொத ரெண்டையும் எல்லாவனும் குடுத்துருவான். காத்து குடுக்கதுலதான் மனுசனுக்குப் பிசினாரித்தனம். ஓசியில கெடைக்க சாமானக் குடுக்க இவனுவளுக்கு என்ன கேடு?"

காற்றுக்கு அவர் செய்த வக்காலத்து கொஞ்சநஞ்சமல்ல. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் காரியம் சன்னலைத் திறப்பது. பஸ்சில் முன்சீட்டுக்காரன் மழைக்கு இழுத்து மூடிய ஷட்டரை எட்டித் திறந்துவிட்டு, அவன் திரும்பி முறைத்தால், "நனையதுக்குக் காரணம் மழை, மூச்சு முட்டதுக்குக் காரணம் நீ" என்பார்.

கல்லூரி வாசல் டீக்கடைக்கு அவர் போகிறார் என்றால் நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போவோம். டீ சொல்ல மாட்டார். முதலில் பால் காய்ச்சுகிற பாத்திரத்தைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்ப்பார்.

"கறுத்திருக்கே?"

"பழைய சட்டியாக்கும் அண்ணே" என்பார் டீ மாஸ்டர்.

"சட்டிக்கு வயசானா கறுக்காதுவே. காத்து போதாம, உனக்க கேஸு முழுசா எரியாம, கரியா வந்து ஒட்டியிருக்கு. நீ வாங்கின சிலிண்டர்ல ஒரு பங்கு இந்தா உக்காந்திருக்கு, பாத்தியா?"

சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஊக்கு இருக்கும். அதை எடுத்து அடுப்பின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தி, காற்றுப் போகிற தகட்டைத் திருப்பி, தீ நீலமானால்தான் டீ. அதுவரை பின்னால் நிற்கிறவர்களுக்கும் டீ கிடையாது. குலசேகரம் பஸ்சை அதில் விட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மாஸ்டர் ஒரு நாளும் அவரைத் திட்டவில்லை. அண்ணன் கைவைத்தால் சிலிண்டர் நாலு நாள் கூட ஓடுகிறதாம்.

அவர் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதி மாணவர்களைத் தூங்க வைத்த சமன்பாட்டை அவர் இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் உட்கார்ந்திருக்கிற பெரிய வியாழன் ராப்போசனப் படத்தைக் காட்டி ஒரே நிமிஷத்தில் புரிய வைத்துவிடுவார். "சிலிண்டருக்குள்ள புரோப்பேன்னு ஒருத்தன், பியூட்டேன்னு ஒருத்தன். புரோப்பேன் ஒருத்தனுக்கு ஆக்சிஜன் அஞ்சு பேரு வரணும். பியூட்டேனு ரெண்டு பேரு சேந்து வருவானுவ, அவனுவளுக்குப் பதிமூணு பேரு. இந்தப் பந்தியில எத்தன பேரு? எண்ணிப்பாரு. பதிமூணு. ஒருத்தன் கொறஞ்சாலும் பந்தி கொழம்பும்."

"பந்தி ஒழுங்கா நடந்தா?"

"கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும். அவ்வளவுதான். கரி இல்ல, புகை இல்ல."

"குழம்பினா?"

"யூதாசு வருவான்" என்று குரலைத் தாழ்த்துவார். "கார்பன் மோனாக்சைடுன்னு பேரு. நெறம் கெடையாது, மணம் கெடையாது. பக்கத்துல இருந்து முத்தம் குடுத்து ஆளத் தீத்துருவான்."

தீயிலிருந்து தண்ணீர் வரும் என்றதை ஒரு தமிழ்ப் பேராசிரியர் நம்பவில்லை. தண்ணீர் தீயை அணைக்குமே தவிர தீ எப்படித் தண்ணீரைத் தரும் என்று வாதாடினார். அண்ணன் பர்னரைப் பற்ற வைத்து வளையத்தைத் திருப்பினார். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை நீலத்தீக்கு மேலே ஒரு நொடி காட்டி எடுத்து, பேராசிரியர் கன்னத்தில் வைத்தார். டம்ளர் வேர்த்திருந்தது. பேராசிரியர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்பே வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அவர் மேல் ஒரே ஒரு வருத்தம். எனக்குக் கோபம் வரும். வந்தால் சத்தத்தோடு வரும். சான்றிதழுக்கு வந்த யாரிடமாவது நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் வந்து, என் நாற்காலிக்குப் பின்னாலுள்ள சன்னலைத் திறப்பார்.

"மக்கா, உனக்க கோவம் மஞ்சத்தீயாக்கும். புகையும் கரியும்தான் மிச்சம். ஒரு கிளாஸ் தண்ணி சுடாது. காத்து வாங்கு, காத்து வாங்கு."

ஆபீசே சிரிக்கும். அதனால் அங்கே என் பெயர் 'மஞ்சத்தீ'. மனிதர்களை அவர் இரண்டே சாதியாகப் பிரித்திருந்தார்: நீலம், மஞ்சள். இரைச்சல் இல்லாமல் வேலையை முடிக்கிறவன் நீலம். புலம்புகிறவன், முனகுகிறவன், நான், எல்லோரும் மஞ்சள். மெழுகுவர்த்திக்கு மட்டும் விலக்கு. கரித்துகள் சூடாகிப் பிரகாசிக்கிறதுதான் அதன் மஞ்சள் வெளிச்சம், "அதுக்க உத்தியோகமே அது" என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார். ஆனால் அதுவும் புகைந்தால் பொறுக்க மாட்டார். கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் கையில் சின்னக் கத்தரிக்கோலோடு கல்லறை கல்லறையாகப் போய், நீண்டுபோன திரிகளை வெட்டி விடுவார்.

"எனக்க மாமியாருக்க திரிய வெட்டதுக்கு நீரு யாருவே?" என்று ஒரு அம்மாள் கூப்பாடு போட்டார்.

"உசிரோட இருக்கும்போ அடுக்களையில புகைய வச்சுக் கொன்னீங்க. இப்பமாச்சும் நல்ல தீயில இருக்கட்டும்" என்றார் அண்ணன். பங்குத்தந்தை வந்து விலக்கிவிட்டார்.

எனக்குப் பெண் பார்க்க அருமனைப் பக்கம் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த மகா புத்திசாலித்தனம். என் மாமா பெண்ணின் படிப்பு, வேலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அண்ணனைக் காணோம். அடுக்களையில் 'டங்' என்று ஒரு சத்தம். டீ போட்ட பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சபை நடுவே வந்து நின்றார்.

"சம்மதம்னு சொல்லிரு மக்கா. அடி கண்ணாடி போல இருக்கு. இது நீலத்தீ வீடாக்கும்."

என் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பெண் சிரித்த சத்தம் கேட்டது. நான் சம்மதம் சொன்னது அந்தச் சிரிப்புக்கு. கல்யாணமாகி இரண்டாவது வாரம் ஸ்டெல்லா ஒரு ரகசியம் சொன்னாள். அந்தப் பாத்திரம் அடுத்த வீட்டிலிருந்து அன்றைக்கு இரவல் வாங்கியதாம். நான் அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சில உண்மைகளைச் சொல்லி ஒரு நல்ல மனிதனின் விஞ்ஞானத்தைக் கெடுப்பானேன்?

இப்படியே போயிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். இடையில் ஸ்டெல்லாவின் ஸ்கூட்டர் வந்தது.

ஸ்டெல்லா அங்கன்வாடி டீச்சர். வீட்டிலிருந்து அங்கே நாற்பது நிமிஷம் ஏற்றத்தில் நடக்க வேண்டும், பஸ் கிடையாது. ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளைகளுக்கான முட்டைத் தட்டு. முந்தின வருஷ மழையில் வழுக்கி விழுந்து, தட்டு முட்டையும் உடைந்து, முழங்காலும் வீங்கி, ஒரு மாதம் நொண்டினாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எங்களுக்கு வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ரப்பர் உண்டு. பால் எடுத்து, உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்குவதெல்லாம் அவள் கைதான். "அடுத்த மழைக்கு முன்ன ஷீட்டு சேத்து வைக்கேன். அந்த ஷீட்டு வித்துப் போனா ஸ்கூட்டராக்கும். மெரூன் கலரு" என்றாள். மார்த்தாண்டத்துக் கடையில் போய் அதன் சீட்டில் ஒரு முறை உட்கார்ந்தும் பார்த்துவிட்டு வந்தாள்.

ஷீட்டைப் புகைப்புரையில் போட வேண்டும். புகைப்புரை என்றால் செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே கம்புகளில் ஷீட் தொங்கும். வெளியே சுவரில் ஒரு அடுப்பு வாய். அதில் போடுகிற நெருப்பின் புகை உள்ளே போகும். வெள்ளையாகப் போகிற ஷீட் ஐந்தாறு நாளில் தேன் நிறமாக வெளியே வரும். ஜூன் மாதம், கொட்டுகிற மழை, அறை நிறைய ஷீட். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவுக்கு நாகர்கோவிலில் மூன்று நாள் பயிற்சி.

"தீய மட்டும் பாத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் செய்யண்டாம்" என்றாள்.

தீ என்றதும் எனக்கு யார் ஞாபகம் வரும்? அண்ணன் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். போன் போட்டேன். அடுத்த பஸ்சில் வந்துவிட்டார்.

அடுப்பு வாயைப் பார்த்தவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பச்சைத் தொண்டு, அதாவது ஈரத் தேங்காய் மட்டை, கமறிக் கமறிப் புகைந்துகொண்டிருந்தது.

"மாதாவே! லேய், இது தீயில்லடே, காசநோய். மூச்சு முட்டிச் சாவுது பாவம்."

மட்டையை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். காய்ந்த சிரட்டை, அதுதான் தேங்காய் ஓடு, கேட்டார். இரண்டு செங்கல்லைத் தூக்கி வைத்து அடியில் காற்றுக்கு வழி பண்ணினார். ஒரு பழைய தகரக் குழாயைச் சொருகினார். பத்து நிமிஷம். புகை போன இடம் தெரியவில்லை. சிரட்டைத் தீ சுத்தமாக, இரைச்சலில்லாமல் நின்று எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகான தீயை நான் பார்த்ததில்லை. இருவரும் பால் இல்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கீழ் வரிசை ஷீட் எல்லாம் சூட்டில் பப்படம்போலக் குமிழி குமிழியாகப் பொங்கியிருந்தது. "சூடு கூடிப்போச்சு, கொறைப்போம்" என்றார் அண்ணன். குறைத்தார். தீ சின்னதாக, அதே சுத்தத்தோடு எரிந்தது. மூன்றாம் நாள் மேல் வரிசையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. மழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் ஷீட்டைக் காப்பதே அந்தப் புகைதான் என்பது ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு மதியம் ஸ்டெல்லா வந்தாள். புகைப்புரைக் கதவைத் திறந்தாள். ஒரு ஷீட்டை எடுத்து விரலால் பூஞ்சையைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுக்குப் புகைப்புரைன்னு பேரு. தீப்புரைன்னா பேரு வச்சிருக்கு?"

அண்ணன் கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் பெண்ணு பாக்க வந்து பாத்திரத்தக் கவுத்துப் பாத்தீங்களே, அது அடுத்த வீட்டுப் பாத்திரமாக்கும்! எங்க வீட்டுல எப்பவும் புகைதான். அடுப்புக்கு மேல கம்பு கெட்டி எங்க அம்மை ஷீட்டு தொங்கப்போடுவா. அந்தப் புகையிலதான் நான் படிச்சேன். எனக்க தங்கச்சி நர்சிங் படிச்சா. எங்க அம்மைக்க ஷீட்ட ஒருத்தனும் கொறை சொன்னது கெடையாது. நீங்க மூணே நாள்ல…"

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வழக்கம்போல யாரிடமாவது கத்தலாமா என்று சுற்றிப் பார்த்தேன். கத்துவதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு, மழைக்குள் இறங்கிப் போனார். குடையை விரிக்க மறந்துவிட்டார்.

இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, துணி துவைக்கிற பிரஷ் ஒன்றும் பழைய கைலியும் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"பிள்ளே" என்று கூப்பிட்டார். ஸ்டெல்லா வந்தாள். "எப்பிடி மோசமா எரிக்கணும்னு எனக்குச் சொல்லித்தா."

ஸ்டெல்லாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

கிணற்றடியில் உட்கார்ந்து பூஞ்சை பிடித்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். மழை விட்ட இடைவெளியில் காய வைத்தார். பிறகு அடுப்பு வாயில் உட்கார்ந்தார், ஐந்து நாள். ஸ்டெல்லா சொன்னபடி ஈர மட்டையை அடுக்கி, காற்று வழியைத் தம் கையாலேயே மண் வைத்து அடைத்தார். அடைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் மூக்கைப் பொத்துகிறவர்போல இருந்தது.

"எனக்க ஆயுசுல மொத தடவையா மோசமா எரிக்கேன் மக்கா" என்று இருமிக்கொண்டே சொன்னார். முப்பது வருஷம் தீயோடு இருந்தும் புகை மணம் பிடிக்காத வெள்ளைச் சட்டை அவருடையது. அதுவும் போயிற்று.

ஆனாலும் மோசமாக எரிப்பதையும் அவர் ஒழுங்காகத்தான் எரித்தார். மட்டை எத்தனை, எவ்வளவு ஈரம், புகை எந்த நிறத்தில் வந்தால் போதும் என்று ஒரு பழைய காலண்டரின் பின்னால் குறித்துக்கொண்டார். நான் ஷீட் பார்க்க ஆசைப்பட்டுக் கதவைத் திறந்து தலையை விட்டபோது, சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"ஏலே, உள்ள யூதாசு இருக்கான்! கதவத் தொறந்து போட்டுக் காத்து கேறின பொறவுதான் மனுசன் கேறணும்."

ஆறாம் நாள் காலை ஷீட் வெளியே வந்தது. பொங்கிப்போன கீழ் வரிசையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது மட்ட ரகத்தோடு போயிற்று. மற்றதெல்லாம் தேன். ஷீட் கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"கொள்ளாமே டீச்சர், நல்லாருக்கே! இது யாருக்க கைப்பாகம்?"

"எங்க அண்ணனுக்க கையாக்கும்" என்றாள் ஸ்டெல்லா. அண்ணன் கடைக்கு வெளியே நின்று, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

குறைந்துபோனதை ஈடுகட்ட அடுத்த இரண்டு தடவையும் அவரே வந்து புகை போட்டார். ஜூலையில் வர வேண்டிய ஸ்கூட்டர் ஓணத்துக்கு வந்தது. மெரூன் கலர். பங்குத்தந்தை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அண்ணன் பின்னால் குனிந்து, சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, "கரி இல்ல. சம்மதம்" என்றார். ஸ்டெல்லா முட்டைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே ஏற்றத்தில் ஏறிப்போனதை நாங்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்தோம்.

அன்றைக்கு நான் கேட்டேன்: "அண்ணே, நான் இன்னும் மஞ்சத்தீதானா?"

யோசித்தார். "ஆமா. ஆனா மக்கா, சிலது புகைஞ்சாத்தான் கெடாம இருக்கும் கேட்டியா. நீ புகைஞ்சுக்கோ."

இப்போதும் புகைப்புரை மூட்டுகிற நாளில் ஸ்டெல்லா ஸ்கூட்டரில் போய் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். "புகை பத்தாது பிள்ளே, மட்ட இன்னும் நனையணும்" என்று அவர் அவளையே குறை சொல்வது எனக்கு ஆபீசுக்குப் போனில் கேட்கும். சாயங்காலம் பஸ்சைவிட்டு இறங்கும்போது எங்கள் ரப்பர் மரங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் புகை எழும்பி நின்றால், அண்ணன் வந்திருக்கிறார் என்று நடையைக் கூட்டுவேன்.